கோஜ்: பெயரும் நிகழ்த்துதலும்
(கலைஞர்களே நடத்தும் ஒரு கலைக்களத்தின் வரலாறும் கலைச்சொற் சிக்கலும்)

1. முன்னுரை

இந்தியாவில் தற்காலக் கலையின் வரலாறு பெரும்பாலும் ஓவியர்களின் வரலாறாகவோ கூடங்களின் வரலாறாகவோ எழுதப்பட்டுள்ளது. கலைஞர்கள் தாமே கூடி நடத்திய களங்களின் வரலாறு அத்துணை விரிவாக எழுதப்படவில்லை. தமிழில் அது ஏறத்தாழ இல்லை எனலாம். இதற்கு ஆர்வக் குறைவு ஒரு காரணம். சொற்குறை மற்றொரு காரணம். இக்களங்களில் நடப்பவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் ஏற்கனவே தமிழில் வேறு பொருளில் வழங்கும் சொற்களோடு மோதுகின்றன. மோதல் தீராத வரையில் மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலச் சொல்லை அப்படியே ஒலிபெயர்த்துவிட்டு நகர்கிறார். நிகழ்ந்தது என்ன என்பது வாசகருக்கு எட்டாமல் போகிறது.

தில்லியில் 1997இல் தொடங்கப்பெற்ற 'கோஜ்' என்னும் பன்னாட்டுக் கலைஞர் அமைப்பின் காட்சி, நிகழ்த்துதல் திட்டங்களை இக்கட்டுரை வரலாற்று முறையில் நோக்குகிறது. அமைப்பின் வளர்ச்சியோடு அது கையாண்ட பெயர்களும் வடிவச் சொற்களும் இணைத்துப் பார்க்கப்படுகின்றன. அமைப்பின் பெயர் மண்ணின் மொழியில் இருக்க, அதன் செயல்கள் ஆங்கிலப் பெயர் பெற்றிருப்பது ஏன், அந்த இடைவெளி மொழிபெயர்ப்பாளருக்கு விடுக்கும் பணி யாது என்பன இதன் அடிப்படை வினாக்கள்.

2. பின்புலம்

விடுதலைக்குப் பின் கலைக்கான நடுவண் நிறுவனங்கள் தில்லியில் உருவாயின. லலித் கலா அகாதெமியும் தேசிய நவீனக் கலைக்கூடமும் 1954இல் தோன்றின. இவ்விரண்டும் அரசின் நிறுவனங்கள். கலைஞர்கள் தாமே நிலம் வாங்கி, தம் உழைப்பின் வருவாயில் களம் அமைத்த முன்னோடி முயற்சி தெற்கே நிகழ்ந்தது. கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் அமைந்தது. பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்றுப் பெற்ற வருவாய் அதற்கு அடித்தளமாயிற்று. விவான் சுந்தரம் 1976இல் தொடங்கிய கசௌலிக் கலை மையமும் இவ்வரிசையில் வைத்தெண்ணத்தக்கது.

மற்றொரு நிகழ்ச்சியும் இங்குக் கருதத்தக்கது. 1989 சனவரி முதல் நாள், காசியாபாத் மாவட்டத்துச் சாகிபாபாதில் தெரு நாடகம் நிகழ்த்திக்கொண்டிருந்த சப்தர் ஹாஷ்மி தாக்கப்பட்டு மறுநாள் உயிரிழந்தார். அவர் நினைவாக அவ்வாண்டே 'சஹ்மத்' தோன்றியது. அது அவர் பெயர்கொண்ட அறக்கட்டளையின் ஆங்கிலப் பெயரிலுள்ள முதலெழுத்துகளால் ஆன சுருக்கம். அதே வேளையில் 'உடன்பட்டவர்' என்று பொருள்தரும் இந்திச் சொல்லும் ஆகிறது. ஒரே ஒலிக்கோவை ஆங்கிலச் சுருக்கமாகவும் இந்திச் சொல்லாகவும் நிற்கும் இந்த இரட்டைத்தன்மை, அடுத்த பத்தாண்டில் தோன்றிய கலை அமைப்புகளின் பெயரீட்டை விளங்கிக்கொள்ள உதவும்.

1991இன் பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பின் தனியார் கலைக்கூடங்கள் பெருகின. விற்கத்தக்க ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் இடம் கிடைத்தது. விற்க முடியாதவற்றுக்கு, அதாவது ஒரு மரத்தடியில் இரண்டு நாள் நின்று அழியும் அமைப்புக்கும், உடலையே பொருளாகக் கொண்ட செயலுக்கும், அரசு நிறுவனத்திலும் இடமில்லை, சந்தையிலும் இடமில்லை. இந்த வெற்றிடத்தில்தான் கோஜ் தோன்றியது.

3. மோதிநகர்: பட்டறை என்னும் வடிவம்

பூஜா சூத், அனிதா தூபே, சுபோத் குப்தா, பாரதி கேர், மனிஷா பரேக், பிருத்பால் சிங் லாடி முதலியோர் இவ்வமைப்பின் தொடக்கத்தில் முன்னின்றனர். முதற்பட்டறை 1997இல் உத்தரப் பிரதேசத்து மோதிநகரில், சீக்ரிபாக் என்னும் தோட்டவளாகத்தில் நடைபெற்றது. மோதிநகர் காசியாபாதுக்கும் மீரட்டுக்கும் இடையே, 1933இல் சர்க்கரை ஆலையைச் சுற்றி எழுந்த தொழில் நகரம். தலைநகரின் கூடங்களிலிருந்து விலகிய இத்தகைய இடத்தைத் தேர்ந்ததே ஒரு நிலைப்பாடாகும்.

பட்டறையின் வடிவம் வெளியிலிருந்து வந்தது. சிற்பி அந்தோணி காரோவும் இராபர்ட் லோடரும் 1982இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் தொடங்கிய பட்டறைக்கு 'டிரையாங்கிள்' என்று பெயர். அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்று நாட்டினர் பங்கேற்றமையால் முக்கோணம் எனப்பட்டது. பின்னர் ஆப்பிரிக்கா, கரீபியன், ஆசியப் பகுதிகளிலும் அம்முறை பரவியது. ஏறத்தாழ பாதிப்பேர் உள்நாட்டவர், பாதிப்பேர் பிறநாட்டவர். இரண்டு வாரம் ஒரே இடத்தில் தங்குதல். முன்கூட்டியே முடிவுசெய்த படைப்பு எதுவும் இல்லாமை. இறுதி நாளில் பொதுமக்களுக்குக் கதவைத் திறத்தல் என்பன அதன் இயல்புகள்.

இவ்வடிவத்தைத் தமிழில் எச்சொல்லால் குறிப்பது? கல்வித்துறையில் 'பயிலரங்கு', 'பயிற்சிப் பட்டறை' என்பன நிலைபெற்றுள்ளன. இவை இரண்டும் ஒருவர் கற்பிக்க மற்றவர் கற்றுக்கொள்வதைக் குறிப்பவை. டிரையாங்கிள் வடிவத்தில் ஆசிரியர் இல்லை. கொல்லனும் தச்சனும் தொழில் செய்யுமிடத்தைக் குறிக்கும் 'பட்டறை' என்னும் தனிச்சொல்லே இதற்குப் பொருந்தும். 1977இல் சென்னையில் தோன்றிய நாடகக் குழு தனக்குக் 'கூத்துப்பட்டறை' என்று பெயரிட்டபோது இச்சொல் கலைத்துறைக்குள் வந்துவிட்டது. எனவே புதுச்சொல் படைக்க வேண்டிய தேவை இல்லை. இருக்கும் சொல்லின்மேல் ஏறிய 'பயிற்சி' என்னும் அடையை நீக்கினாலே போதும்.

மோதிநகர்ப் பட்டறைகளில் பெரிதும் பேசப்பட்டது சுபோத் குப்தாவின் 1999ஆம் ஆண்டுச் செயல். பீகாரில் பிறந்த அவர் தம் உடல் முழுதும் மாட்டுச் சாணத்தைப் பூசிக்கொண்டு தரையில் கிடந்தார். அதன் பெயர் 'ப்யூர்'. பின்னர் அதே பெயரில் ஒரு நிகழ்படமும் வந்தது. அதில் நீர் விழ விழ உடலிலுள்ள சாணம் கரைந்து செல்கிறது.

ஓரசைச் சொல்லான இத்தலைப்பு மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு தேர்வு. 'தூய்மை' என்றால் அறநெறிப் பொருள் முன்னிற்கும். 'சுத்தம்' என்றால் நலவாழ்வு வாரியச் சுவரெழுத்து நினைவுக்கு வரும். 'துப்புரவு' என்பது இன்று ஒரு தொழிற்பிரிவையும் அதில் தள்ளப்பட்ட மக்களையும் குறிப்பதாகிவிட்டது. 'மடி' என்பது ஒரு சில குடும்பங்களின் அடுக்களைச் சொல். இச்சொற்கள் அனைத்துக்கும் எதிர்ச்சொல்லாக நிற்பது 'அழுக்கு' மட்டுமன்று, 'தீட்டு' என்பதுமாகும். வாசலில் சாணம் தெளிப்பதையும் தரையைச் சாணத்தால் மெழுகுவதையும் நாளும் கண்ட தமிழ் வாசகருக்குச் சாணம் தூய்மை தரும் பொருள் என்பது விளக்கம் வேண்டாத செய்தி. ஆனால் அதே சாணத்தை அள்ளும் கை யாருடையது என்பதும் அவருக்குத் தெரியும். ஆங்கிலத் தலைப்பில் இல்லாத இந்தச் சாதிப்பொருள், தமிழில் எச்சொல்லைத் தேர்ந்தாலும் உள்ளே வந்துவிடுகிறது. இங்கு மொழிபெயர்ப்பு மூலத்தைவிடக் கூடுதலாகச் சொல்கிறது. அக்கூடுதல் படைப்பின் பொருளுக்கு அயலானதன்று. தலைப்பை ஒலிபெயர்த்து விடுபவர் இழப்பது இதனையே.

4. கிர்கீ: சாளரமும் தெருவும்

2002இல் கோஜ் தென்தில்லியின் கிர்கீ நீட்சிப் பகுதியில் ஒரு கட்டடத்தில் நிலைகொண்டது. ஆண்டுக்கொருமுறை கூடிக் கலையும் பட்டறை, ஆண்டு முழுதும் இயங்கும் களமாயிற்று. அதன்பின் பட்டறைகள் மைசூர், பெங்களூர், மும்பை, கொல்கத்தா முதலிய ஊர்களுக்கும் சென்றன.

கிர்கீ என்னும் ஊர்ப்பெயர் அங்குள்ள பதினான்காம் நூற்றாண்டுப் பள்ளிவாசலால் வந்தது. அதன் துளைப்பலகணிகளே பெயருக்குக் காரணம். இந்தியில் 'கிடுகீ' அல்லது 'கிர்கீ' என்றால் சாளரம். அதனைக் கட்டுவித்தவர் பிரோஸ் ஷா துக்ளக்கின் அமைச்சர் கான்-இ-ஜஹான் ஜூனான் ஷா. அவருடைய தந்தை வாரங்கல்லிலிருந்து தில்லி சென்ற தெலுங்கர். தெலுங்கில் 'கிடிகீ', கன்னடத்தில் 'கிடகி' எனச் சாளரத்தைக் குறிக்கும் சொற்கள் இந்திச் சொல்லோடு தொடர்புடையவை. தமிழோ சாளரத்தோடு போர்த்துக்கீசியத்திலிருந்து 'சன்னல்' என்பதை ஏற்றுக்கொண்டது. ஒரே பொருளுக்குக் கடல்வழியே ஒரு சொல்லும் நிலவழியே ஒரு சொல்லும் தென்மொழிகளில் புகுந்துள்ளன.

இன்றைய கிர்கீயும் அவ்வாறே பலவழி வந்தவர்கள் வாழும் இடம். பீகார், நேபாளம், ஆப்கானிஸ்தானம், சோமாலியா, நைஜீரியா முதலிய பகுதிகளிலிருந்து வந்தோர் நெருக்கமான வாடகை வீடுகளில் வாழ்கின்றனர். 2007இல் அப்பகுதிக்கு எதிரே, சாலையின் மறுபுறம் பெரும் வணிக வளாகம் திறக்கப்பட்டது. இச்சூழலில் கலைக்களத்தின் இறுதி நாள் 'பொதுமக்களுக்குத் திறந்தது' என்பதன் பொருள் மாறுகிறது. மோதிநகரில் பொதுமக்கள் என்போர் விருந்தினர். கிர்கீயில் அவர்கள் அண்டைவீட்டார். 2000களின் நடுப்பகுதியிலிருந்து தெருவையும் கடைகளையும் சுவர்களையும் களமாகக் கொண்ட பணிகள் கோஜின் திட்டத்தில் இடம்பெற்றதற்கு இதுவே காரணம்.

2014 சனவரியில் அப்பகுதியில் வாழ்ந்த ஆப்பிரிக்கப் பெண்கள்மீது நள்ளிரவில் நிகழ்ந்த அத்துமீறல் நாடெங்கும் பேசப்பட்டது. மறு ஆண்டு கோஜ், இந்திய ஆப்பிரிக்கக் கலைஞர்கள் தங்கிப் பணிபுரியும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதற்குக் 'கொரியோலிஸ் விளைவு' என்று பெயர். புவியின் சுழற்சியால் காற்றும் நீரோட்டமும் நேர்வழியிலிருந்து விலகிச் செல்லும் இயற்பியல் செய்தியை அது உருவகமாகக் கொண்டது. புலம்பெயர்வைப் பேச எடுத்துக்கொண்ட உருவகம் நுட்பமானதே. ஆனால் அத்தெருவில் வாழும் பீகாரிக்கோ சோமாலியருக்கோ அத்தலைப்பு தானாக எதையும் சொல்லாது. இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சியாக 2016–17இல் கோஜின் ஆதரவோடு அத்தெருவுக்கென்றே ஒரு செய்தித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வெளிவந்தது. 'கிர்கீ ஆவாஜ்', அதாவது சாளரத்தின் குரல், என்பது அதன் இந்திப் பெயர். திட்டத்தின் பெயர் விளக்கம் வேண்டுவது. செய்தித்தாளின் பெயர் விளக்கம் வேண்டாதது. ஒரே அமைப்பின் ஆதரவில் வந்த இவ்விரு பெயர்களும் இரண்டு வேறு வாசகர்களை நோக்கியவை.

5. ஐந்து பெயர்கள்

கோஜின் தோற்றத்தைத் தொடர்ந்து தெற்காசியாவில் இதே வடிவில் வேறு நான்கு அமைப்புகள் எழுந்தன. கராச்சியில் 'வஸ்ல்', கொழும்பில் 'தீர்த்த', டாக்காவில் 'ப்ரித்தோ', காத்மாண்டுவில் 'சூத்ர' என்பன அவை. ஏறத்தாழ 2000க்கும் 2003க்கும் இடையே தோன்றிய இவை தமக்குள் ஒரு வலைப்பின்னலை அமைத்துக்கொண்டன. ஐந்தும் ஆங்கிலப் பெயரைத் தவிர்த்தன என்பது தற்செயலன்று.

'கோஜ்' என்பது இந்தியில் தேடல். இதன் பழம்பொருள் சுவடு. பஞ்சாபி, சிந்தி வழக்கில் 'கோஜி' என்பவர் காலடித்தடம் பார்த்துக் கள்வரைப் பின்தொடரும் தொழிலர். எனவே வெறும் 'தேடல்' என்பதைவிடத் 'தடம் பார்த்தல்' அதன் பொருளுக்கு அணுக்கமானது. அழிந்துபோகும் படைப்புகளை முதன்மையாகக் கொண்ட அமைப்புக்குச் சுவட்டைக் குறிக்கும் பெயர் பொருத்தமே.

'வஸ்ல்' அரபியிலிருந்து பாரசீகம் வழியே உருதுவுக்கு வந்த சொல். கஜல் மரபில் காதலர் கூடலைக் குறிக்கும்; அதன் மறுதலை பிரிவு. இதே அரபி வேரிலிருந்து வந்த மற்றொரு சொல் தமிழில் அன்றாடம் வழங்குகிறது, அது 'வசூல்'. ஒரு மொழியில் காதலர் கூடலாக நிற்கும் வேர் இன்னொரு மொழியில் வரி திரட்டலாக நிற்பது, சொற்கள் எந்த வாயில்வழி நுழைகின்றன என்பதைப் பொறுத்தது. உருதுவுக்கு அச்சொல்லைக் கவிதை தந்தது. தமிழுக்கு வருவாய்த்துறை தந்தது.

'ப்ரித்தோ' வடமொழி 'விருத்த' என்பதன் வங்காள ஒலிப்பு. வட்டம் என்று பொருள். தமிழில் 'விருத்தம்' என்றவுடன் யாப்பே முன்னிற்கும். 'சூத்ர' இழையையும் சுருங்கிய விதியையும் ஒருசேரக் குறிப்பது. தமிழில் 'நூல்' என்னும் ஒரு சொல்லே இழையையும் இலக்கணத்தையும் குறிக்கிறது. எனவே ஐந்து பெயர்களுள் பொருள் குறையாமல் தமிழாக்கத்தக்கது இதுவே.

'தீர்த்த' ஆழ்ந்து நோக்கத்தக்கது. 'கடத்தல்' என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்த இச்சொல்லின் முதற்பொருள் ஆற்றைக் கடக்கும் இடம். தமிழில் 'தீர்த்தம்' புனிதநீராகச் சுருங்கிவிட்டது. கடவுமிடம் என்னும் பொருளைத் தமிழில் சுமப்பது 'துறை' என்னும் சொல். அதுவே அறிவின் பிரிவையும், பொருளிலக்கணத்தில் அகத்திணை புறத்திணைகளின் உட்கூறையும் குறிக்கும். இவ்வொற்றுமை வெறும் சொல்லாராய்ச்சியோடு நிற்கவில்லை. 2004இல் தீர்த்த குழுவினரின் பங்களிப்போடு யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஒரு கலைக்காட்சி நடைபெற்றது. 1981இல் எரியூட்டப்பட்டு மீளக் கட்டப்பட்ட அந்நூலகத்தில், தெற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வந்த கலைஞர்களின் படைப்புகள் இடம்பெற்ற அக்காட்சிக்கு 'அகம் புறம்' என்று பெயர்.

வீடும் போர்க்களமும், உள்ளும் வெளியும் என்னும் எதிர்வைத் தமிழ் இலக்கணம் ஈராயிரம் ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறது. போர் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிட்ட ஒரு நாட்டில் அந்த எதிர்வு நிற்குமா என்னும் வினாவைத் தலைப்பே எழுப்பியது. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்க வேண்டிய தலைப்பன்று அது. பிறமொழியாளர்தாம் அதனை மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும். தற்காலக் கலையைப் பேசத் தமிழில் சொல் இல்லை என்னும் கூற்றுக்கு இந்த ஒரு காட்சியே மறுப்பாகும்.

6. நிகழ்கலையா, நிகழ்த்துகலையா?

2008இல் கோஜ் தில்லியில் நிகழ்த்துதலுக்கெனத் தனியே ஒரு விழாவை நடத்தியது. 'கோஜ் லைவ்' என்பது அதன் பெயர். பட்டறையின் ஓரத்தில் நிகழ்ந்துவந்த ஒன்று இதனால் திட்டத்தின் நடுவிடத்துக்கு வந்தது. 'பெர்ஃபார்மன்ஸ் ஆர்ட்' என்னும் பெயர் மேலை நாடுகளில் 1970களில் நிலைபெற்றது. அதற்கு இந்திய மொழிகளில் ஈடு காண்பதில் ஒரு பொதுவான இடர் உண்டு. இசை, நடனம், நாடகம் ஆகியவற்றைத் தொகுத்துக் குறிக்கும் 'பெர்ஃபார்மிங் ஆர்ட்ஸ்' என்பதற்கு வழங்கும் சொல்லே இதற்கும் நேர்ந்துவிடுகிறது. இந்தியிலும் கன்னடத்திலும் 'பிரதர்சன' என்பதை அடியாகக் கொண்ட தொடர்கள் வழங்குகின்றன. இந்தியில் 'பிரதர்சன்' காட்டுதலையும் கண்டன ஆர்ப்பாட்டத்தையும் குறிக்கும். மலையாளம் 'அவதரண கல' என்கிறது.

தமிழில் இரண்டு சொற்கள் உள்ளன. 'நிகழ்கலை' என்பது கல்வி நிறுவனப் பெயராகவே நிலைபெற்றது. புதுவைப் பல்கலைக்கழகத்துச் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி இதற்குச் சான்று. 'நிகழ்த்துகலை' நாட்டார் வழக்காற்றியல் நூல்களில் பயில்கிறது. இரண்டும் ஒருபொருட் பன்மொழியாகக் கையாளப்படினும் இலக்கண அடிப்படையில் வேறுபட்டவை. 'நிகழ்' தன்வினை, 'நிகழ்த்து' பிறவினை. முன்னது தானே நடப்பது. பின்னதற்கு நடத்துபவர் வேண்டும். கூத்தும் இசையும் மரபின் வழி, ஊரின் வழி, ஆண்டின் சுழற்சியில் நிகழ்பவை. ஆடுபவர் மாறினும் ஆட்டம் நிற்கும். கோஜ் வளர்த்த கலையிலோ செயலை அச்செய்த ஆளிடமிருந்து பிரிக்க இயலாது. சாணம் பூசிக் கிடந்த உடல் வேறொருவருடையதாக இருந்தால் அது வேறொரு படைப்பு. ஆகவே முன்னதற்கு 'நிகழ்கலை', பின்னதற்கு 'நிகழ்த்துகலை' எனப் பகுத்துக்கொள்வது மொழியியல்பை ஒட்டியதாகும்.

இவ்விரு தொடர்களும் வினைத்தொகைகள். நிகழ்த்திய கலை, நிகழ்த்துகின்ற கலை, நிகழ்த்தும் கலை என முக்காலமும் இதனுள் கரந்து நிற்கின்றன. நடந்து முடிந்தபின் ஒளிப்படத்திலும் நினைவிலும் மட்டுமே எஞ்சும் ஒரு கலைக்குக் காலம் காட்டாத இத்தொடர் இயல்பாகப் பொருந்துகிறது. இதழ்களில் சிலபோது 'நிகழ்த்துக்கலை' என ஒற்று மிகுத்து எழுதப்படுகிறது. வன்தொடர்க் குற்றியலுகரத்தின்பின் வல்லினம் மிகும் என்னும் பொதுவிதியே இப்பிழைக்குக் காரணம். வினைத்தொகை அவ்விதிக்கு விலக்கு. ஒற்றை மிகுத்தால் முக்காலமும் கரந்த வினைத்தொகை என்னும் இயல்பே மறைந்துவிடுகிறது. எனவே இதனை எழுத்துப்பிழை என்று மட்டும் தள்ளிவிட இயலாது.

மொழியியலார்க்கு அணுக்கமான மற்றொரு தொடர்பும் உண்டு. ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் ஆற்றி 1962இல் நூலாக வந்த சொற்பொழிவுகள், சொல்வதே செய்வதாக அமையும் கூற்றுகளை இனங்கண்டன. மேடையில் நடிகர் சொல்லும் வாக்குறுதி அவ்வாறு செயலாகாது என அவர் விலக்கினார். நிகழ்த்துகலை இவ்விலக்கைச் சோதிக்கிறது. இங்குச் செய்பவர் நடிகரல்லர். பூசப்பட்டது உண்மைச் சாணம். கழிந்த நேரம் உண்மை நேரம். ஆயினும் அது கலையென அறிவிக்கப்பட்ட இடத்தில் நடக்கிறது. நிகில் சோப்ரா 'யோக் ராஜ் சித்ரகார்' என்னும் மாந்தராக வேடம் புனைந்து மணிக்கணக்கில் வரையும்போது, மாந்தர் புனைவு. வரைந்த ஓவியம் புனைவன்று. 'நடித்தல்' என்னும் சொல்லால் இதனைக் குறிக்க முடியாமைக்கு இதுவே காரணம். தனி ஒரு படைப்பைக் குறிக்க 'நிகழ்ச்சி' என்பதும் உதவாது. அது வானொலிக்கும் விழாவுக்கும் உரியதாகிவிட்டது. 'நிகழ்த்துதல்' என்னும் தொழிற்பெயரே எஞ்சுகிறது.

7. முடிவுரை

கால் நூற்றாண்டுக்கு மேலான கோஜின் வரலாறு, இரண்டு வாரப் பட்டறையிலிருந்து நிலையான களத்துக்கும், தோட்டத்திலிருந்து தெருவுக்கும், ஒரு நாட்டிலிருந்து ஐந்து நாட்டு வலைப்பின்னலுக்கும் நகர்ந்த வரலாறாகும். அமைப்புகள் தம் பெயரைத் தத்தம் மொழியில் வைத்தன. திட்டங்களின் பெயர்களும் பதிவுகளும் திறனாய்வும் பெரிதும் ஆங்கிலத்தில் அமைந்தன. இதற்குப் பன்னாட்டு நிதியும் பன்னாட்டுப் பார்வையாளரும் காரணம் என்பதை எளிதில் உணரலாம். ஆனால் இதன் விளைவு ஒன்று உண்டு. ஓவியம் சுவரில் நிற்கும். எந்த மொழியினரும் பின்னாளில் வந்து பார்க்கலாம். நிகழ்த்துதலுக்கோ பின்னாள் வாழ்வு பதிவில்தான். பதிவு எம்மொழியில் உள்ளதோ அம்மொழியினருக்கே அது நிகழ்ந்ததாகிறது.

ஆகவே இத்துறையில் கலைச்சொல் ஆக்கம், அகராதிப் பணி என்ற அளவில் முடிந்துவிடுவதன்று. பட்டறை, துறை, நூல், அகம், புறம், வினைத்தொகையாக நிற்கும் நிகழ்த்துகலை ஆகியவை தமிழில் முன்பே உள்ளவை. புதியன புனைவதற்கு முன் இவற்றின் பொருளெல்லையை வரையறுத்து வழங்குவதே மொழிபெயர்ப்பாளரின் முதற்பணி. மோதிநகரில் 1999இல் நடந்தது என்ன என்பதைத் தமிழில் ஒரு பத்தியில் ஐயமின்றி எழுத முடியுமானால், அச்சொற்கள் பயன்பட்டன என்று கொள்ளலாம்.